விண்டோஸ் பயனர் கணக்குகளும் அதிகார நிலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் உள்ள விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. லினக்ஸ், மேக் பயன்படுத்துபவர்களுக்கான பதில் பின்பகுதியில் தனியாக உள்ளது.

இந்தக் கணினியை நான் ஒருவன்தான் பயன்படுத்துகிறேன். எனக்கு எதற்குக் கணக்கு வகையும் அதிகார நிலையும்?

கணினியின் முன் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதைவிட, ஒருவர் பெயரில் எத்தனை நிரல்கள் ஓடுகின்றன என்பதே இங்கு முக்கியம். நீங்கள் லாகின் செய்த பிறகு திறக்கும் உலாவி, அதிலிருந்து இறக்கிய செட்டப் கோப்பு, மின்னஞ்சலில் வந்த ஆவணத்தைத் திறக்கும் வேர்டு, நண்பர் பென் டிரைவில் கொடுத்த விளையாட்டு ஆகிய எல்லாமே உங்கள் பெயரில்தான் ஓடுகின்றன. நீங்களே மவுஸைச் சொடுக்கி ஒரு கோப்பை அழிப்பதற்கும், உங்கள் பெயரில் ஓடும் ஏதோ ஒரு நிரல் அதே கோப்பை அழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இயங்குதளம் அறியாது. உங்களுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டோ, அவ்வளவும் அந்த நிரல்களுக்கும் உண்டு. ஆகவே கணக்கின் அதிகாரத்தைக் குறைத்து வைப்பது உங்கள் மீதுள்ள அவநம்பிக்கை ஆகாது; உங்கள் பெயரில் ஓடும், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாத நிரல்களுக்குப் போடும் கட்டுப்பாடு அது.

இது புதிய சிந்தனையும் அல்ல. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தத்தம் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடன் மட்டுமே இயங்க வேண்டும் என்ற கொள்கையை ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் தெளிவாக எழுதி வைத்துவிட்டார்கள். வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவின் சாவியைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு யாரும் சந்தைக்குப் போவதில்லை. அன்றாட வேலைகளை நிர்வாகிக் கணக்கில் செய்வது அப்படிப்பட்ட காரியம்தான்.

விண்டோஸில் எத்தனை வகைக் கணக்குகள் உள்ளன?

அமைப்புகள் பக்கத்தில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடியவை இரண்டுதான்: நிர்வாகிக் கணக்கு, சாதாரணக் கணக்கு. நிர்வாகி எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக மென்பொருள் நிறுவலாம், வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களைச் சேர்க்கலாம், நெட்வொர்க் வழி வருவதைக் கட்டுப்படுத்தும் ஃபயர்வாலின் விதிகளை மாற்றலாம், பிறருடைய கணக்குகளை உருவாக்கவும் நீக்கவும் செய்யலாம். சாதாரணக் கணக்கில் இருப்பவர் ஏற்கனவே நிறுவப்பட்ட மென்பொருள்களைப் பயன்படுத்தலாம், தம் கோப்புகளையும் தம் திரையமைப்பையும் விருப்பம்போல் மாற்றலாம், வைஃபையில் இணையலாம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து பெரும்பாலான செயலிகளை நிறுவிக்கொள்ளலாம். கணினி முழுவதையும் பாதிக்கும் மாற்றங்களை மட்டும் செய்ய முடியாது. விருந்தினர் கணக்கு என்று முன்பு இருந்ததை விண்டோஸ் 10 முதல் பயன்படுத்த முடியாது.

நாம் லாகின் செய்யாத கணக்குகளும் உள்ளே இயங்கிக்கொண்டிருக்கின்றன. சிஸ்டம் என்ற கணக்கின் பெயரில் இயங்குதளத்தின் முக்கியச் சேவைகள், அதாவது பின்னணி நிரல்கள், ஓடுகின்றன. கணினிக்குள் அதன் அதிகாரம் நிர்வாகியின் அதிகாரத்தையும் விஞ்சியது. குறைந்த அதிகாரம் போதுமான சேவைகளுக்கு லோக்கல் சர்வீஸ், நெட்வொர்க் சர்வீஸ் என்று இரண்டு கணக்குகள் உண்டு. இவை தவிர, விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு உரிமையாளராக டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற சேவை அடையாளம் விஸ்டா என்ற விண்டோஸ் பதிப்பின் காலம் முதல் இருந்து வருகிறது.

லாகின் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது?

விண்டோஸ் உங்களைப் பெயரால் அறிவதில்லை, ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஹூஆம்ஐ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் யூசர் என்ற சொல்லும் சேர்த்து (whoami /user) என்டர் தட்டினால், எஸ்-1-5-21 என்று தொடங்கும் அந்த எண்ணை நீங்களே பார்க்கலாம். நடுவில் இருக்கும் மூன்று பெரிய எண்கள் உங்கள் கணினிக்கு உரியவை. கடைசி எண்தான் உங்களுக்கு உரியது. மனிதர்களுக்காக உருவாக்கப்படும் கணக்குகளுக்கு அது 1000-இலிருந்து ஏறுமுகமாகச் செல்லும். விண்டோஸுடனே வரும் உள்ளமைந்த நிர்வாகிக் கணக்கின் கடைசி எண் எப்போதும் 500. அந்தக் கணக்கின் பெயரை மாற்றி ஒளித்து வைத்தாலும் இந்த எண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடவுச்சொல் சரியாக இருந்தால், இந்த எண், நீங்கள் சேர்ந்துள்ள குழுக்கள், உங்களுக்குள்ள சிறப்புரிமைகள் ஆகியவற்றைத் தாங்கிய டோக்கன் ஒன்றை விண்டோஸ் உருவாக்குகிறது. அதன் பிறகு நீங்கள் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அந்த டோக்கனின் பிரதியைச் சுமந்துகொண்டே ஓடுகிறது. கோப்பு ஒவ்வொன்றிலும் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல் உண்டு. நிரல் ஒரு கோப்பைத் தொடும்போதெல்லாம் டோக்கனும் பட்டியலும் ஒப்பிடப்பட்டு, அனுமதி உண்டா இல்லையா என்று முடிவாகிறது. இத்துடன், நிரல்களைத் தாழ்நிலை, நடுநிலை, உயர்நிலை, சிஸ்டம் நிலை என்று படிப்படியாகப் பிரிக்கும் இன்னோர் ஏற்பாடும் விஸ்டாவிலிருந்து செயல்படுகிறது. கீழ்ப்படியில் ஓடும் நிரல், மேற்படிக்கு உரிய கோப்பிலோ நிரலிலோ எழுத முடியாது. உலாவிகள் வலைப்பக்கங்களைக் கையாளும் பகுதியைத் தாழ்ந்த படியிலோ அதனினும் இறுக்கமான கட்டுப்பாட்டிலோ ஓட விடுவது இந்தக் காரணத்தால்தான்.

நான்தான் நிர்வாகி ஆயிற்றே, எனக்கே "அனுமதி மறுக்கப்பட்டது" என்று ஏன் வருகிறது?

நிர்வாகிக் கணக்கில் நீங்கள் லாகின் செய்யும்போது விண்டோஸ் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு டோக்கன்களை உருவாக்குகிறது. ஒன்றில் முழு அதிகாரமும் இருக்கும்; மற்றொன்றில் நிர்வாகி அதிகாரங்கள் நீக்கப்பட்டிருக்கும். டெஸ்க்டாப்பும் நீங்கள் வழக்கமாகத் திறக்கும் நிரல்களும் அந்தக் குறைந்த டோக்கனுடன்தான் ஓடுகின்றன. ஒரு நிரல்மீது வலது சொடுக்குச் செய்து, நிர்வாகியாக இயக்கும்படி நீங்கள் கேட்டு, வரும் கேள்விக்கு ஆம் என்று சொன்னால்தான் முழு டோக்கன் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் வழங்கப்படும்.

அப்படி இயக்கியும் மறுக்கப்பட்டால், நீங்கள் தொட முயல்வது பெரும்பாலும் டிரஸ்டட் இன்ஸ்டாலருக்கு உரிமையான விண்டோஸ் கோப்பாக இருக்கும். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு அதை அழிக்கும் வழி உண்டு என்றாலும், அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இடம் போதவில்லை என்று விண்டோஸ் கோப்புறைக்குள் கை வைப்பவர்களுக்கு அடுத்த அப்டேட் வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

திரை மங்கி ஒரு கேள்விப்பெட்டி வருகிறதே, அதில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல் என்ற அந்த ஏற்பாடு வரும்போது திரை மங்குவது அழகுக்காகச் செய்யப்பட்டது அன்று. விண்டோஸ் அந்த நேரத்தில் உங்கள் வழக்கமான டெஸ்க்டாப்பை விலக்கி, வேறு நிரல்கள் எதுவும் நுழைய முடியாத தனி டெஸ்க்டாப் ஒன்றில் கேள்வியைக் காட்டுகிறது. உங்கள் பெயரில் ஓடும் தீநிரல் ஒன்று தானாகவே ஆம் என்ற பொத்தானை அழுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

பெட்டியில் முதலில் நிரலின் பெயரையும், அடுத்து வெளியீட்டாளரின் பெயரையும் படியுங்கள். டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட நிரலானால் தலைப்புப் பகுதி நீல நிறத்தில் இருக்கும். வெளியீட்டாளர் யாரென்று தெரியாவிட்டால் மஞ்சளாக இருக்கும். கூடுதல் விவரம் காட்டும் இணைப்பைச் சொடுக்கினால் அந்தக் கோப்பு எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்பதும் தெரியும். பிரபலமான நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் நிரல், டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்தோ தற்காலிகக் கோப்புறையிலிருந்தோ கையொப்பம் இல்லாமல் ஓடினால் சந்தேகப்படுவதே சரி. ஆனால் நிறத்தைவிடவும் பெயரைவிடவும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்த நொடியில் நான் எதையாவது நிறுவவோ மாற்றவோ முயன்றேனா? நீங்கள் எதுவும் செய்யாதபோது பெட்டி வந்தால் இல்லை என்று சொல்லுங்கள். தேவையான வேலையாக இருந்தால் அது மறுபடியும் கேட்கும். இல்லை என்று சொன்னதால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

அந்தப் பெட்டி தொல்லையாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். இதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் லாகின் பெட்டியில் எஸ்கேப் விசையைத் தட்டினாலே உள்ளே போய்விடலாம். கோப்புகளுக்கு அனுமதிப் பட்டியல் என்பதே அவற்றில் கிடையாது. அலுவலகங்களுக்காக 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி-யில் இந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகள் முழுமையாக இருந்தன. அந்த வழியில் 2001-இல் வந்த எக்ஸ்பி வீடுகளுக்கும் சென்றது. ஆனால் நிறுவும்போது உருவாக்கப்படும் கணக்குகளை எக்ஸ்பி நிர்வாகிகளாகவே வைத்ததால், அந்தப் பாதுகாப்பு இருந்தும் இல்லாததுபோல் ஆயிற்று. மென்பொருள் எழுதியவர்களும் எல்லாரும் நிர்வாகிதான் என்று கருதி, தம் நிரல் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே தரவுகளை எழுதும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

விஸ்டா 2007 தொடக்கத்தில் பொதுமக்களுக்கு வந்தபோது இந்தக் கேள்விப்பெட்டியும் உடன் வந்தது. பழைய நிரல்கள் ஒவ்வொன்றும் அதிகாரம் கேட்டதால் பெட்டி ஓயாமல் எழுந்தது, மக்கள் சலித்தார்கள். 2009-இல் விண்டோஸ் 7 இதைத் தளர்த்தி, நான்கு நிலைகள் கொண்ட நகர்த்தியைத் தந்தது. விண்டோஸின் சொந்தக் கருவிகள் சில கேட்காமலே உயர்ந்த அதிகாரம் பெறவும் வழி செய்தது. இயல்பாக அமைந்திருப்பது மேலிருந்து இரண்டாவது நிலை. மூன்றாவது நிலையில் கேள்வி வரும், ஆனால் திரை மங்காது, அதாவது தனி டெஸ்க்டாப் பாதுகாப்பு இருக்காது. கடைசி நிலையில் கேள்வியே வராது. நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்துபவர்கள் முதல் நிலையில் வைப்பது நல்லது. ஏனென்றால் இரண்டாவது நிலையில் கேட்காமல் உயரும் அந்தச் சொந்தக் கருவிகளை ஏமாற்றித் தாமும் உயர்ந்துகொள்ளும் உத்திகள் தீநிரல் எழுதுபவர்களிடம் பல உள்ளன.

இதில் கவனிக்க வேண்டியது, நிர்வாகிக் கணக்குக்குள் வரும் இந்தக் கேள்வியை உறுதியான பாதுகாப்பு எல்லையாகக் கருதவில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே நீண்ட காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. முழு டோக்கனும் குறைந்த டோக்கனும் ஒரே மனிதருடையவை, ஒரே கோப்புறைகளைப் பகிர்ந்துகொள்பவை. சாதாரணக் கணக்கின் நிலை வேறு. அதில் முழு டோக்கன் என்பதே கிடையாது. ஆகவே பெட்டி வந்தாலும் ஆம், இல்லை என்று மட்டும் கேட்காமல், வேறொரு நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு, நிர்வாக வேலைக்குத் தனிக் கணக்கு என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே அடிப்படை.

பல ஆண்டுகளாக நிர்வாகிக் கணக்கிலேயே வேலை செய்கிறேன். கோப்புகளை இழக்காமல் எப்படி மாறுவது?

புதிய கணக்குக்குக் கோப்புகளை மாற்ற வேண்டியதில்லை. பழைய கணக்கின் அதிகாரத்தைக் குறைத்தால் போதும். முதலில் அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குச் சென்று, பிற பயனர்கள் என்ற இடத்தில் புதிய கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டாம் என்றால், இந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற தேர்வின் வழியே உள்ளூர்க் கணக்காக உருவாக்கலாம். அதற்கு வலுவான கடவுச்சொல் வைத்து, கணக்கு வகையை நிர்வாகி என்று மாற்றுங்கள்.

பிறகு உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, புதிய கணக்கில் ஒருமுறை லாகின் செய்து, அது உண்மையிலேயே நிர்வாகியாக இயங்குகிறதா என்று பாருங்கள். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. புதிய கணக்கின் கடவுச்சொல்லைத் தவறாகக் குறித்து வைத்திருக்கும் நிலையில் பழையதன் அதிகாரத்தைக் குறைத்துவிட்டால், கணினியில் நிர்வாகியாக நுழைய யாராலும் முடியாமல் போகும். எல்லாம் சரியாக இருந்தால், புதிய கணக்கில் இருந்துகொண்டே பழைய கணக்கைச் சாதாரண வகைக்கு மாற்றிவிட்டு, அதில் வழக்கம்போல் வேலையைத் தொடரலாம். கோப்புகளும் அமைப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அலுவலகத்தில் ஒரு பழைய பில்லிங் மென்பொருள் நிர்வாகியாக இயக்கினால்தான் சரியாக ஓடுகிறது. என்ன செய்வது?

சிறு அலுவலகங்களில் எல்லாருக்கும் நிர்வாகி அதிகாரம் கொடுக்கப்படுவதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். இப்படிப்பட்ட மென்பொருள் பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் தன் தரவுக் கோப்பையும் வைத்திருக்கும். அந்தக் கோப்புறையில் எழுதும் அனுமதி சாதாரணப் பயனருக்கு இல்லை. பழைய 32-பிட் நிரல்கள் முறிந்துபோகாமல் இருக்க, விண்டோஸ் அவற்றின் எழுத்தை மறுக்காமல், அந்தந்தப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் இருக்கும் விர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறது. நிரல் தான் கேட்ட இடத்தில் எழுதிவிட்டதாகவே நம்புகிறது.

இதன் விளைவு விசித்திரமானது. காலையில் ஒருவர் தம் கணக்கில் போட்ட பில்கள், மாலையில் அதே கணினியில் வேறு கணக்கில் உட்காருபவருக்குத் தெரிவதில்லை. நிர்வாகியாக இயக்கினால் இருவருடையவையும் இல்லாமல் பழைய தரவு வருகிறது. மென்பொருள் பில்லை விழுங்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் ஒரே பெயரில் மூன்று தரவுக் கோப்புகள் மூன்று இடங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

தீர்வு, மனிதருக்கு அதிகாரத்தை உயர்த்துவதில் இல்லை. மென்பொருள் அனுமதித்தால் தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால், நிர்வாகியாக நுழைந்து அந்தத் தரவுக் கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்புத் தாவலைத் திறந்து, யூசர்ஸ் குழுவுக்கு மாற்றியமைக்கும் அனுமதியை அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் கொடுங்கள். நிரலின் இயங்கு கோப்பு அதே கோப்புறையில் இருந்தால் அதையும் பிறர் மாற்ற முடியும் என்ற குறை உண்டு. இருந்தாலும் அலுவலகம் முழுவதையும் நிர்வாகிகள் ஆக்குவதைவிட இது எவ்வளவோ மேல். மாற்றுவதற்கு முன் விர்ச்சுவல் ஸ்டோரில் தங்கியிருக்கும் தரவுகளைப் பிரதி எடுத்துக்கொள்ள மறவாதீர்கள்.

சாதாரணக் கணக்கில் இருந்தால் வைரஸ் வராதா?

வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரணக் கணக்கில் ஓடும் தீநிரல் இயங்குதளத்தின் கோப்புகளையும் பிற பயனர்களின் கோப்புகளையும் தொட முடியாது. ஆன்டிவைரஸை அணைக்கவோ டிரைவர் நிறுவவோ முடியாது. ஆனால் உங்களுடைய படங்கள், ஆவணங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை, ஆகவே அதன் அதிகாரத்துக்கும் உட்பட்டவை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அந்த ஆவணங்களைப் பூட்டுவதற்கு நிர்வாகி அதிகாரம் தேவையே இல்லை. விண்டோஸ் எடுத்து வைத்திருக்கும் நிழல் பிரதிகளை, அதாவது கோப்புகளின் முந்தைய நிலைப் பிரதிகளை, அழிப்பதற்குத்தான் அதற்கு நிர்வாகி அதிகாரம் வேண்டும். அந்த வகையில் சாதாரணக் கணக்கு மீட்புக்கு ஒரு வழியை விட்டுவைக்கலாம். என்றாலும், கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட ஹார்ட் டிஸ்க்கில் எடுத்த பேக்கப்புக்கு அது ஈடாகாது.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அதிகாரம் கூடுமா?

கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கா உள்ளூர்க் கணக்கா என்பது கடவுச்சொல் எங்கே சரிபார்க்கப்படுகிறது, அமைப்புகள் பல கணினிகளுக்குச் செல்கின்றனவா என்பதைப் பற்றியது. நிர்வாகியா சாதாரணமா என்பது வேறு கேள்வி.

வீட்டில் நிர்வாகியாக இருப்பவர் மற்றவர்களின் கோப்புகளைப் பார்க்க முடியுமா? கடவுச்சொல் மறந்தால் மாற்றித் தர முடியுமா?

இரண்டும் முடியும். பிறரின் கோப்புறைக்கு நேரடி அனுமதி இல்லாவிட்டாலும், உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் சிறப்புரிமை நிர்வாகிக்கு உண்டு. எனவே தனிக் கணக்கு என்பது நிர்வாகியிடமிருந்து ஒன்றை மறைக்கும் வழி ஆகாது.

உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லை நிர்வாகி மாற்றித் தரும்போது ஓர் இழப்பு நேரும். அந்தப் பயனர் விண்டோஸின் கோப்புக் குறியாக்க வசதியால் பூட்டிய கோப்புகளும், கணக்கில் சேமித்த கடவுச்சொற்களும் பழைய கடவுச்சொல்லைச் சார்ந்தவை. அவை திறக்காமல் போகலாம். ஆகவே நிர்வாகியிடம் போவதற்கு முன், கணக்கு உருவாக்கும்போது கொடுத்த பாதுகாப்புக் கேள்விகளை முயன்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுவரை சொன்ன அனுமதிகள் எல்லாம் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் செல்லும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அந்தக் கணினியின் நிர்வாகி எல்லாவற்றையும் படித்துவிடலாம். மடிக்கணினி திருட்டுப் போனாலும் கோப்புகள் காக்கப்பட வேண்டும் என்றால் டிஸ்க்கில் உள்ளவற்றைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் தேவை. அதன் மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே பத்திரப்படுத்த வேண்டும்.

உள்ளமைந்த நிர்வாகிக் கணக்கை இயக்கினால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்கிறார்களே?

500 என்ற எண்ணுக்குரிய அந்தக் கணக்கு விஸ்டா முதல் இயல்பாக முடக்கியே வைக்கப்பட்டிருக்கிறது. அதில் நுழைந்தால் எல்லா நிரலும் முழு டோக்கனுடன் ஓடும், கேள்விப்பெட்டி வராது. அதனால்தான் பிரச்சினை தீர்ந்ததுபோல் தோன்றுகிறது. மீட்புப் பணிக்காக ஒருவேளை இயக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் முடக்கிவிடுங்கள்.

லினக்ஸிலும் மேக்கிலும் எப்படி?

லினக்ஸும் மேக்கும் பின்பற்றும் யூனிக்ஸ் மரபில் அனைத்து அதிகாரமும் ரூட் என்ற ஒரே கணக்கில், அதாவது 0 என்ற பயனர் எண்ணில் குவிந்திருக்கிறது. ரூட்டாக நேரடியாக நுழையாமல், தேவைப்படும் ஒரு கட்டளையை மட்டும் ரூட்டின் அதிகாரத்தில் ஓட்ட உதவும் சூடோ கருவி 1980 வாக்கில் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 2004-இல் முதலில் வெளியான உபுண்டு, ரூட் கணக்கைப் பூட்டி வைத்து, நிறுவும் நபரைச் சூடோ பயன்படுத்த அனுமதிக்கும் வழியைப் பரவலாக்கியது. மேக்கிலும் ரூட் கணக்கு இயல்பாக முடக்கப்பட்டே இருக்கும். இங்கே கேட்கப்படுவது வெறும் ஆம் அன்று, கடவுச்சொல். ஒருமுறை கொடுத்தபின் சில நிமிடங்களுக்குச் சூடோ மறுபடி கேட்காது என்பதால், இணையத்தில் கண்ட கட்டளைகளை வரிசையாக ஒட்டுபவர்கள் அந்த இடைவெளியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை உடனே நீக்கிவிடலாமா?

உடனே நீக்காமல் முடக்கி வையுங்கள். அமைப்புகள் வழியாக நீக்கினால் கணக்கோடு அவருடைய டெஸ்க்டாப், ஆவணங்கள் ஆகியவையும் அழிந்துவிடும். அதே பெயரில் மறுபடி கணக்கு உருவாக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்; நீக்கப்பட்ட கணக்கின் எண்ணை விண்டோஸ் மீண்டும் யாருக்கும் தருவதில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் புதிய கணக்குக்குப் புதிய எண்தான் கிடைக்கும். அனுமதிப் பட்டியல்களில் பழைய எண் உரியவர் இல்லாத வெறும் எண்ணாகவே நிற்கும். தேவையான கோப்புகளை எல்லாம் எடுத்து, ஒப்படைப்பு முடிந்த பிறகு நீக்கலாம்.